வந்து தங்கிய ருசியும் வாங்க வந்த ருசியும்

மெக்சிகோ சிட்டியில் பொழுது சாய்ந்ததும் தெருமுனை டாக்கோ கடைகளில் நெருப்பு ஏறிவிடும். நிற்கவைத்த கம்பியில் மெல்லிய பன்றி இறைச்சித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்தி அடுக்கியிருப்பார்கள். மேலே அகலம், கீழே குறுகல். அந்த வடிவத்தைப் பார்த்துத்தான் அதற்கு 'த்ரோம்போ' என்று பெயர் வைத்தார்கள். ஸ்பானிய மொழியில் பம்பரம் என்று பொருள். காய்ந்த மிளகாயும் வினிகரும் சிவப்பு நிறம் தரும் அச்சோட்டே விதையும் அரைத்துப் பூசி ஊறவைத்ததால் இறைச்சி செக்கச்செவேலென்று இருக்கும். கடைக்காரர் இடது கையில் உள்ளங்கை அகல மக்காச்சோள ரொட்டியான டோர்ட்டியாவை வைத்துக்கொண்டு, நீளக் கத்தியால் வெந்த ஓரத்தை மட்டும் சீவுவார். சீவியது நேராகக் கையில் விழும். அப்புறம் உச்சியில் செருகியிருக்கும் அன்னாசியைக் கத்திமுனையால் ஒரு சுண்டு. பறந்து வரும் துண்டை அதே டோர்ட்டியாவால் ஏந்திக்கொள்வார். மேலே வெங்காயம், கொத்தமல்லி. எலுமிச்சை பிழிந்தால் இரண்டு மூன்று கடியில் முடிந்துவிடும்.

இதன் பெயர் 'டாக்கோ அல் பஸ்தோர்'. எங்கள் நகரத்துச் சாப்பாடு இதுதான் என்று அந்த ஊர்க்காரர்கள் நெஞ்சைத் தொட்டுச் சொல்வார்கள். ஆனால் அந்தக் கம்பியும் அடுக்கும் முறையும் ஷவர்மாவுடையவை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ஒட்டோமான் ஆட்சிப் பகுதிகளை விட்டு, முக்கியமாக லெபனானிலிருந்து, குடும்பம் குடும்பமாக மெக்சிகோவுக்கு வந்தார்கள். 1930களில் புவேப்லா நகரத்தில் அப்படி வந்த குடும்பங்கள் 'அரபு டாக்கோ' என்று ஒன்றை விற்கத் தொடங்கின. ஆட்டிறைச்சியின் இடத்தில் அங்கே மலிவாகக் கிடைத்த பன்றி இறைச்சி, சுற்றிக் கொடுப்பது மட்டும் அரபு ரொட்டியில். அடுத்த தலைமுறையில் அது தலைநகரத்துக்குப் போனது. ரொட்டி போய் மக்காச்சோள டோர்ட்டியா வந்தது. மசாலாவில் மிளகாயும் அச்சோட்டேயும் ஏறின.

இப்போது அந்த ஒரு டாக்கோவைப் பிரித்துப் பாருங்கள். பன்றி, வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை எல்லாம் ஸ்பானியரோடு கப்பலில் வந்தவை. சுடும் முறை லெபனான். மக்காச்சோளமும் மிளகாயும் அச்சோட்டேயும் அந்த மண்ணுடையவை. இதில் எது அசல், எது கலப்பு என்று கேட்டால் பதில் கிடைக்காது. மெக்சிகோ உணவைப் பற்றிய பேச்செல்லாம் அந்தக் கேள்வியிலேயே சுற்றிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தம்தான். நான் கேட்க விரும்புவது வேறு: வெளியூர் ருசி அங்கே தங்க வந்ததா, வாங்க வந்ததா? தங்க வந்தவர்கள் தங்கள் சமையலை அந்த ஊர்த் தோசைக்கல்லில் போட்டு மாற்றிக்கொண்டார்கள். தூரத்திலிருந்து வாங்க வந்த ருசியோ, அந்த ஊரின் செடியையும் நிலத்தையும் தனக்கேற்ப மாறச் சொன்னது. கடந்த 500 ஆண்டுக் கதையை இந்த இரண்டு வகையாகப் பார்த்தால் பல விஷயங்கள் தெளிவாகின்றன.

முதலில் அந்தத் தோசைக்கல். 'கொமால்' என்பார்கள். அதில் வேகும் டோர்ட்டியாவுக்குப் பின்னால் இருக்கும் வேலையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

மக்காச்சோளம் தெற்கு மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பகுதியில் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் தெயோசின்தே என்ற காட்டுப் புல்லிலிருந்து வளர்த்தெடுக்கப்பட்டது. அந்த மக்கள் அதை அப்படியே அரைத்துச் சாப்பிடவில்லை. காய்ந்த மணிகளைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து இரவு முழுக்க ஊறவிடுவார்கள். ஒரு கிலோ மக்காச்சோளத்துக்குச் சுமார் 10 கிராம் சுண்ணாம்பு போதும். நாம் வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே சுண்ணாம்புதான். காலையில் கையால் தேய்த்தால் மணியின் தோல் வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும். கழுவி அரைத்தால் மாவு ஒட்டும் பதத்துக்கு வரும், தட்டினால் விரியும். இந்த முறைக்குப் பெயர் நிக்ஸ்டமால். சாம்பல் என்று பொருள்படும், நவாட்டல் என்ற அந்த மண்ணின் பழைய மொழிச் சொல் அதன் தொடக்கத்தில் இருக்கிறது. மாவு விரிவது மட்டும் இல்லை. மக்காச்சோளத்தில் உடம்புக்கு எட்டாமல் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினைச் சுண்ணாம்பு விடுவிக்கிறது. கூடவே கால்சியமும் சேர்கிறது.

ஸ்பானியர் மக்காச்சோள விதையை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பைக் கொண்டுபோகவில்லை. பெண்கள் விடியற்காலையில் அடுப்படியில் செய்த அந்த வேலை அவர்கள் கண்ணுக்கு அறிவாகவே படவில்லை என்றுதான் நினைக்கிறேன். விளைவு கொடுமையானது. வேறு வழியில்லாமல் மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்தது, வயிறு கழிந்தது, புத்தி பேதலித்தது. 1735இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் இந்த நோயைப் பதிவு செய்தார். அப்புறம் வடக்கு இத்தாலியில் அது பெல்லாக்ரா என்ற பெயரில் பரவியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் இதில் செத்தார்கள். அதே காலத்தில் டோர்ட்டியாவையும் பீன்ஸையும் நம்பி வாழ்ந்த மெக்சிகோ கிராமங்களில் அந்த நோய் பெரிதாகத் தலைகாட்டவில்லை.

திசை மாற்றிப் பார்ப்போம். உள்ளே வந்தவை என்ன ஆயின? 1521இல், அதுவரை ஆண்ட அஸ்டெக்குகளின் தலைநகரம் ஸ்பானியரிடம் விழுந்தது. கோதுமை, மாடு, பன்றி, கரும்பு, பூண்டு எல்லாம் வந்து இறங்கின. அதுவரை எண்ணெயில் பொரிக்கும் பழக்கமே பெரிதாக இல்லாத சமையலில் பன்றிக் கொழுப்பு நுழைந்தது. மக்காச்சோள மாவைப் பொதிந்து ஆவியில் வேகவைக்கும் தமாலே இன்று பஞ்சுபோல இருக்க அந்தக் கொழுப்புதான் காரணம். 1565இலிருந்து 1815 வரை, 250 ஆண்டுகள், பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. புளியும் மாம்பழமும் பசிபிக் கடலைத் தாண்டின. இன்றும் மெக்சிகோ சந்தையில் ஒரு மாம்பழ வகைக்குப் பெயர் 'மணிலா'. புளியைக் கரைத்துச் சர்க்கரை போட்ட தண்ணீர் எல்லாச் சாப்பாட்டுக் கடையிலும் கண்ணாடி ஜாடியில் இருக்கும். புளியை உப்பும் மிளகாய்த்தூளும் சேர்த்து உருட்டிய மிட்டாய் குழந்தைகளுக்கு உயிர். புளியும் மிளகாயும் நம் குழம்பில் சந்தித்தது போலவே அங்கேயும் சந்தித்திருக்கின்றன, எதிர்த் திசைகளிலிருந்து வந்து.

பட்டையும் அப்படித்தான். மெக்சிகோக்காரர்கள் கேட்கும் 'கனேலா', சட்டென்று நொறுங்கும் மெல்லிய இலங்கைக் கறுவாப்பட்டை. தடித்த பட்டையைக் கொடுத்தால் திருப்திப்பட மாட்டார்கள். காலி, மாத்தறைப் பக்கம் தோட்டங்களில் உரித்துச் சுருட்டும் கறுவாவைப் பெருமளவில் வாங்கும் நாடுகளின் முன்வரிசையில் மெக்சிகோ இருக்கிறது. மண்பானையில் கொதிக்கும் காபியில், வாஹாக்கா மாநிலத்தின் சாக்லேட்டில், மோலே குழம்பில் எல்லாம் அது இருக்கும். மோலே என்றால் பல வகை மிளகாயையும் விதைகளையும் வறுத்து அரைத்துப் பொழுது முழுக்கக் கிண்டும் குழம்பு. அதில் பட்டை, கிராம்பு, மிளகு, எள், பாதாம், திராட்சை என்று பாதிப் பொருள் வெளியூர். ஆனாலும் வாயில் வைத்தால் முதலில் தெரிவது மிளகாயின் ஆழம்தான்.

அந்தக் கப்பல்களில் மாலுமிகளாகவும் கூலிகளாகவும் வந்த பிலிப்பைன்ஸ்காரர்கள் பலர் திரும்பிப் போகவில்லை. கொலிமா கடற்கரையில் தென்னை வளர்த்து, பாளை சீவிக் கள் இறக்கினார்கள். அங்கே அதற்கு இன்னும் பிலிப்பைன்ஸ் பெயர்தான், 'துபா'. சுரைக்குடுக்கையைத் தோளில் சுமந்து வரும் துபாக்காரர் அதை ஊற்றி, மேலே வேர்க்கடலையும் ஆப்பிள் துண்டும் தூவிக் கொடுப்பார். அந்தக் கள்ளைக் காய்ச்சி வடிக்கவும் அவர்கள் மரத்தண்டும் செப்புச் சட்டியும் வைத்து ஒரு வடிகலம் அமைத்தார்கள். மேற்கு மெக்சிகோவில் மெஸ்கால் என்ற கற்றாழைச் சாராயம் காய்ச்சும் கலைக்கு அந்த வடிகலமும் ஒரு தாய் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். நாட்டுச் சாராயம் என்று உலகம் கொண்டாடும் ஒன்றுக்குள் ஆசியக் கை ஒன்று மறைந்திருக்கிறது.

வந்து தங்கியவர்களின் பட்டியல் நீளம். 1820களில் ஹிடால்கோ மாநிலத்தின் வெள்ளிச் சுரங்கங்களுக்கு இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து தொழிலாளிகள் வந்தார்கள். மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுடும் அவர்களுடைய பொதிவு அங்கே 'பாஸ்தே' ஆகி, இன்று மோலே வைத்ததும் பீன்ஸ் வைத்ததும் கிடைக்கிறது. சிவாவா மாநிலத்துப் பாலாடைக்கட்டி 1920களில் வந்த மென்னோனைட் என்ற கிறித்துவப் பிரிவு விவசாயிகள் கைவண்ணம். 1940களில் மெக்சிகோ சிட்டியில் நகாதானி என்ற ஜப்பானியக் குடியேறி மாவும் சோயாவும் பூசி வறுத்த வேர்க்கடலைக்கு இன்றைக்கும் 'ஜப்பான் கடலை' என்றே பெயர். அதன் மேல் எலுமிச்சை பிழிந்து காரம் போட்டுக்கொள்வது மட்டும் முழுக்க மெக்சிகோ.

இவர்கள் எல்லோருக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு விற்றுத்தான் பிழைக்க வேண்டும். அதனால் அந்த ஊர் நாக்குக்கு ஏற்ப மாறினார்கள்.

நிலைமை மாறியது அதிகாரம் ருசியில் கை வைத்தபோது. 1876இலிருந்து 1911 வரை போர்ஃபிரியோ தியாஸ் என்ற ஆட்சியாளர் கையில் நாடு இருந்தது. மேல்தட்டுக்கு அப்போது பாரிஸ் என்றால் பித்து. பிரான்சிஸ்கோ புல்னேஸ் என்ற அரசியல்வாதி 1899இல் மனித இனத்தையே கோதுமை மக்கள், அரிசி மக்கள், மக்காச்சோள மக்கள் என்று மூன்றாகப் பிரித்து, முன்னேறக்கூடியது கோதுமை இனம் மட்டுமே என்று எழுதினார். தன் சொந்த நாட்டுக் குடியானவர்களின் அன்றாடச் சோற்றையே பின்தங்கலுக்குக் காரணமாக்கினார். 1910இல் விடுதலையின் நூற்றாண்டு விழா விருந்துகளில் பரிமாறியது பிரெஞ்சுச் சாப்பாடு. மெனு அட்டையும் பிரெஞ்சு மொழியில். சுதந்திரத்தைக் கொண்டாடும் மேசையில் ஒரு டோர்ட்டியா இல்லை. அரிசி மக்கள் என்று இளப்பமாகச் சொல்லப்பட்ட கூட்டத்தில் ஒருவனாக அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது.

இந்த வெட்கத்தில் அதிகம் அடிபட்டது புல்கே என்ற நாட்டுப் பானம்.

நம் ஊரில் ரயில் பாதையோரம் வேலியாக நிற்குமே ஆனைக் கற்றாழை, அதன் சொந்த ஊர் மெக்சிகோதான். அங்கே அதை 'மகேய்' என்பார்கள். மத்திய மெக்சிகோவின் உயரமான வறண்ட நிலங்களில் அந்தக் குடும்பத்துச் செடிகள் ஆள் உயரத்துக்கு மேல் வளரும். எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தால் நடுவிலிருந்து பூந்தண்டு கிளம்பத் தயாராகும். வாழ்நாளில் ஒரே முறைதான் பூக்கும், பூத்ததும் சாகும். அந்தத் தண்டு எழும்பும் நேரம் பார்த்து 'த்லாச்சிகேரோ' எனப்படும் சாறெடுப்பவர் நடுக் குருத்தை வெட்டி எடுத்துக் குழியாக்குவார். பூவுக்குப் போகவேண்டிய இனிப்பெல்லாம் அந்தக் குழியில் ஊறும். காலையும் மாலையும் வந்து, நீண்ட சுரைக்குடுக்கையின் ஒரு முனையைக் குழிக்குள் விட்டு மறுமுனையில் வாய் வைத்து உறிஞ்சி எடுப்பார். அப்புறம் குழியின் சுவரை மெல்லச் சுரண்டிவிட்டு, மேலே இலையை மடக்கி மூடிவிட்டுப் போவார். சுரண்டினால்தான் மறுபடி ஊறும். பாளை சீவுகிறவருக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. நாளுக்குச் சில லிட்டர் வீதம் மூன்று நான்கு மாதங்கள் கொடுத்துவிட்டுச் செடி காய்ந்துபோகும்.

அந்தச் சாறு புளித்தால் புல்கே. வெள்ளையாக, கொஞ்சம் கொழகொழவென்று, புளிப்பாக இருக்கும். பீர் அளவுக்குத்தான் போதை. அஸ்டெக் காலத்தில் சடங்குக்கும் முதியவர்களுக்கும் உரிய பானமாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆபான் சமவெளிப் பண்ணைகளிலிருந்து தினமும் ரயிலில் தலைநகரத்துக்கு வந்து இறங்கியது. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. புளிப்பது நிற்காது. ஓரிரு நாளில் குடித்தாக வேண்டும், புட்டியில் அடைத்துத் தூரம் அனுப்ப முடியாது.

1890இல் மாண்டெர்ரே நகரத்தில் ஒரு பீர் ஆலை தொடங்கியது. பெயர் குவாவ்தேமோக், கடைசி அஸ்டெக் அரசனின் பெயர். அடுத்த சில ஆண்டுகளில் ஓரிசாபாவில் ஜெர்மானியர்கள் தொடங்கிய ஆலை இன்னொரு அரசனான மொக்தெசூமாவின் பெயரை எடுத்துக்கொண்டது. அஸ்டெக்குகளின் பானத்தை ஓரங்கட்ட வந்தவை அஸ்டெக் அரசர்களின் பெயரோடு வந்தன. சுத்தம், நவீனம், ஐரோப்பியம் என்று பீரை முன்னிறுத்தினார்கள். புல்கே சீக்கிரம் புளிக்கத் துணியில் சாணத்தைக் கட்டி உள்ளே போடுகிறார்கள் என்ற வதந்தி ஊரெல்லாம் பரவியது. இன்றைக்கும் அதை நம்புகிறவர்கள் உண்டு. புல்கே மாதிரி உயிருள்ள பானத்தில் சாணம் விழுந்தால் கெட்டுத்தான் போகும், நன்றாக ஆகாது. ஆனால் அருவருப்பு ஒருமுறை மனதில் ஏறிவிட்டால் விளக்கம் எடுபடுவதில்லை. 1910இல் தொடங்கிய புரட்சிக்குப் பின் பெரிய பண்ணைகள் உடைந்தன. மகேய் நின்ற நிலங்களில் பார்லி வந்தது. நகரத்துப் புல்கே கடைகள் ஒவ்வொன்றாக மூடின.

பீர் மட்டும் அப்படியே ஐரோப்பியமாகவே இருந்துவிட்டதா என்றால் இல்லை. எலுமிச்சை, உப்பு, காரச் சாறு கலந்து 'மிச்செலாடா' ஆனது. வியன்னாவில் பிறந்து அங்கேயே ஏறக்குறைய மறக்கப்பட்ட செம்பழுப்பு லாகர் பீர் வகை மெக்சிகோ ஆலைகளில் உயிரோடு இருந்தது. இன்று உலகிலேயே அதிக பீர் ஏற்றுமதி செய்யும் நாடு மெக்சிகோ. 2023இல் அமெரிக்காவில் விற்பனையில் முதலிடம் பிடித்தது மொடேலோ எஸ்பெசியால் என்ற மெக்சிகோ பீர். தங்கிவிட்ட ருசி இப்படித்தான் ஊர்க்காரனாகிறது. ஆனால் இப்போது அதையும் வெளியூர் தாகம் துரத்துகிறது. அமெரிக்கச் சந்தைக்கென்று மெக்சிகாலி என்ற வறண்ட எல்லை நகரத்தில் ஒரு பெரிய ஆலை பாதி எழும்பியிருந்தபோது, தண்ணீருக்குப் பயந்த மக்கள் 2020 வாக்கெடுப்பில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேலை நின்றது.

அமெரிக்க எல்லைக்கோடு ருசிகளுக்குத் தனிப் பட்டறை. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில் குடிக்கத் தாகமெடுத்தவர்கள் திஹுவானாவுக்கு வந்தார்கள். அங்கே 1924இல் சீசர் கார்டினி என்ற இத்தாலியர் நடத்திய உணவகத்தில் பிறந்தது சீசர் சாலட். 1940களில் பியேத்ராஸ் நெக்ராஸ் ஊரில் எல்லை தாண்டி வந்த அமெரிக்கப் பெண்களுக்காக இக்னாசியோ அனாயா கையில் கிடைத்ததை வைத்துச் செய்தது நாச்சோஸ். இக்னாசியோவின் செல்லப்பெயர்தான் நாச்சோ. அந்தப் பக்கம் போன டாக்கோவோ எண்ணெயில் பொரித்து விறைப்பான ஓடாகி, 1962இல் டாக்கோ பெல் என்று கடைத் தொடராகியது. அந்த நிறுவனம் 1992இலும் 2007இலும் மெக்சிகோவில் கடை போட்டுப் பார்த்தது. இரண்டு முறையும் நிலைக்கவில்லை. டாக்கோவைத் தினமும் சாப்பிடுகிறவர்களுக்கு அது டாக்கோவாகவே தெரியவில்லை.

ஆனால் டோர்ட்டியாவின் உள்ளே வெளியூர் வேறு வழியில் நுழைந்தது. 1994இல் வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தம் வந்தது. அமெரிக்காவிலிருந்து மலிவான மஞ்சள் மக்காச்சோளம் பெருவாரியாக இறங்கியது. அதில் பெரும்பகுதி கால்நடைத் தீவனத்துக்குப் போனாலும் சந்தை விலை அடிவாங்கியது. மலைச்சரிவில் சிவப்பும் நீலமும் கறுப்புமாக நாட்டு ரகங்களைப் பயிரிட்ட சிறு விவசாயிகள் பலர் நிலத்தை விட்டு வடக்கே கூலிக்குப் போனார்கள். நகரத்தில் நிக்ஸ்டமால் அரைக்கும் சிறு ஆலைகளுக்குப் பதில் தண்ணீர் ஊற்றிப் பிசையும் பொட்டல மாவு வந்தது. இதில் ஒரு நியாயமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பெண்கள் அம்மியில் முழங்காலிட்டு நாளுக்கு நான்கைந்து மணி நேரம் அரைத்த காலம் யாருக்கும் திரும்ப வர வேண்டாம். அரைவை இயந்திரம் வந்தது அவர்களுக்கு விடுதலை. போனது ருசியும் ரகங்களும். மரபணு மாற்றிய மக்காச்சோளத்தைச் சாப்பாட்டிலிருந்து விலக்க அரசு போட்ட ஆணையை 2024 டிசம்பரில் வணிக ஒப்பந்தத் தீர்ப்புக் குழு தள்ளியது. 2025இல் அந்த விதையை நாட்டில் விதைப்பதையே தடுக்கும் விதி அரசியல் சட்டத்தில் சேர்ந்தது.

குளிர்பானம் இன்னும் ஆழமாகப் போனது. சியாபாஸ் மலையில் சான் ஹுவான் சாமுலா ஊரின் தேவாலயத்தில், தரையில் பைன் இலை பரப்பி, மெழுகுவர்த்திகள் வரிசையாக ஏற்றி, சோத்சில் பழங்குடி மக்கள் வேண்டுதல் செய்வார்கள். 'போஷ்' என்ற நாட்டுச் சாராயத்துக்குப் பக்கத்தில் கோக் புட்டியும் இருக்கும். ஏப்பத்தோடு கெட்டது வெளியேறும் என்பது நம்பிக்கை. ஒரு மக்கள் தங்களிடம் வந்து சேர்ந்ததைத் தங்கள் சாமிக்கே படைக்கிறார்கள் என்பதில் எனக்கு மரியாதை உண்டு. அதே மலையில் சர்க்கரை நோய் மலிந்திருப்பதும் உண்மை. குளிர்பானத்துக்கு 2014இல் லிட்டருக்கு ஒரு பேசோ வரியும், 2020இல் பொட்டலங்களில் கறுப்பு எண்கோண எச்சரிக்கை முத்திரையும் வந்தன.

சரி, இப்போது புகழுக்கு வருவோம். 2010இல் யுனெஸ்கோ மெக்சிகோவின் மரபுச் சமையலை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. 2024 மே மாதம் மெக்சிகோ சிட்டியின் சான் ரஃபாயேல் பகுதியில் 1968இலிருந்து நடக்கும் ஒரு சின்ன டாக்கோ கடைக்கு, சிறந்த உணவகங்களுக்குத் தரும் மிச்செலின் நட்சத்திரம் கிடைத்தது. உட்கார இடம் இல்லை, பெயர் எல் கலிஃபா தே லியோன். நாட்டு ரக மக்காச்சோளத்தை வெளிநாட்டுச் சமையல்காரர்கள் நல்ல விலைக்குக் கேட்பதால் சில விவசாயிகள் மறுபடி அதை விதைக்கிறார்கள். இது நல்லதுதான். ஆனால் அதே புகழால் அந்த நகரத்தின் கோந்தேசா, ரோமா பகுதிகளில் டாலரில் சம்பாதிப்பவர்கள் குடியேறி வாடகை ஏறிவிட்டது. 2025 ஜூலையில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். வாடகையோடு சேர்த்து அவர்கள் சொன்ன இன்னொரு குறை, சல்சாவில் காரம் போய்விட்டது என்பது. வெளியில் இருந்து பார்த்தால் சின்ன விஷயமாகத் தெரியும். தன் தெருக்கடையில் சட்னியின் காரம் யாரோ ஒருவருக்காகக் குறைக்கப்படும்போது, இந்தக் கடை இனி எனக்கானது இல்லை என்பது நாக்கில் முதலில் தெரிந்துவிடுகிறது.

இனி டெக்கீலா. வாங்க வந்த ருசி என்ன செய்யும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் இல்லை.

டெக்கீலா ஹலிஸ்கோ மாநிலத்தில் ஒரு ஊர். அங்கே நீலக் கற்றாழையின் நடுப்பகுதியை வேகவைத்துப் பிழிந்து, புளிக்கவைத்துக் காய்ச்சும் மெஸ்காலுக்கு ஊர்ப் பெயரே நின்றுவிட்டது. ஒரு செடி முதிர ஆறு முதல் எட்டு ஆண்டு. 'ஹிமதோர்' எனப்படும் அறுவடைக்காரர் நீண்ட கைப்பிடியுள்ள வட்ட மண்வெட்டியால் இலைகளைச் சீவித் தள்ளினால் உள்ளே பெரிய அன்னாசி போன்ற கிழங்கு. பெரும்பாலும் 30, 40 கிலோ இருக்கும். 1970இல் விதியைத் தளர்த்தி, சர்க்கரையில் 51 சதவீதம் கற்றாழையுடையதாக இருந்தால் போதும், மீதி கரும்புச் சர்க்கரை ஆகலாம் என்றார்கள். வடக்கே தேவை கூடிக்கொண்டே போனது, செடி போதவில்லை, அதுதான் காரணம். 1974இல் பெயருக்குப் புவிசார் பாதுகாப்பு வந்தது, அதாவது குறித்த பகுதியில் செய்தால்தான் டெக்கீலா என்று சொல்லலாம். 2022இல் உற்பத்தி 60 கோடி லிட்டரைத் தாண்டியது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெளிநாட்டுக்கு, அதிலும் பெரும்பகுதி அமெரிக்காவுக்கு.

குடிக்கிறவர் யார் என்பது மாறினால் பானமும் மாறும். பழைய பழக்கத்தில் காய்ச்சிய வெள்ளை டெக்கீலா கற்றாழையின் காரமும் பச்சை வாசமும் உள்ளது. விஸ்கிக்குப் பழகிய நாக்குக்காக ஓக் பீப்பாயில் அதிக நாள் வைத்தார்கள். மூன்று ஆண்டுக்கு மேல் ஊறியது என்று 2006இல் தனி வகையே உருவானது. பீப்பாயில் ஊறியதைக் கரி வடிகட்டியில் விட்டு மறுபடி நிறம் நீக்கியதும் வந்தது. வெனிலா, கேரமல் வாசமும் வழவழப்பும் விற்கும் என்று தெரிந்ததால், மொத்தத்தில் ஒரு சதவீதம் வரை சேர்ப்புப் பொருள் கலக்க விதி இடம் கொடுக்கிறது. செங்கல் அடுப்பில் இரண்டு மூன்று நாள் வேகவைத்ததை, இயந்திரத்தில் சூடான நீரால் அலசிச் சில மணி நேரத்தில் எடுக்கிறார்கள். கடைசியில் கற்றாழையின் குணம் குறைந்து குறைந்து, எந்த ஊர்ப் பானமாகவும் இருக்கக்கூடிய ஒன்று புட்டியில் நிற்கிறது.

குடிக்கிறவர் ஆசை ஒரு மாதத்தில் மாறும். செடிக்கு ஏழு வருடம் வேண்டும். இந்த இரண்டு காலமும் ஒத்துப்போகாததுதான் விவசாயிகளின் கஷ்டம். 2000ஐ ஒட்டி நோயும் பற்றாக்குறையும் சேர்ந்து கற்றாழை விலை பல மடங்கு எகிறியது. எல்லோரும் நட்டார்கள், ஏழு வருடம் கழித்து விலை விழுந்தது. பிரபலங்கள் பெயரில் டெக்கீலா வரத் தொடங்கி, 2017இல் ஒரு ஹாலிவுட் நடிகர் தொடங்கிய நிறுவனம் 100 கோடி டாலர் வரையான ஒப்பந்தத்தில் கைமாறிய காலத்தில் மறுபடி ஏறியது. கிலோ 30 பேசோவைத் தாண்டியதும் மக்காச்சோள நிலத்திலும் கற்றாழை நட்டார்கள். 2024இல் ஒப்பந்தம் இல்லாத விவசாயிக்குச் சில பேசோ கூடக் கிடைப்பது கஷ்டமானது. வெட்டுகிற கூலிகூட வராது என்று நிலத்திலேயே விட்டவர்கள் உண்டு.

வாஹாக்காவின் மெஸ்கால் இப்போது அதே பாதையில் நடக்கிறது. சான்று பெற்ற உற்பத்தி 2011இல் சுமார் 10 லட்சம் லிட்டர், 2022இல் 1 கோடியே 40 லட்சம். அங்கே கற்றாழையை மண்குழியில், சுட்ட கற்களின் மேல் போட்டு மூடி, நாள்கணக்கில் வேகவிடுவார்கள். குதிரை இழுக்கும் கல் உருளையில் நசுக்கி, மரத்தொட்டியில் புளிக்கவிட்டு, சில ஊர்களில் மண்பானையிலேயே காய்ச்சுவார்கள். சாராயம் சரியாக வந்ததா என்று பார்க்க நாணல் குழாயில் உறிஞ்சிச் சிறு குடுக்கையில் ஊற்றுவார் காய்ச்சும் முதியவர். மேலே முத்து முத்தாகக் குமிழ் நின்றால் பதம். அந்தப் பதம் பெரும்பாலும் 45 சதவீதத்துக்கு மேல். வெளிநாட்டுக் கடைகளோ 40 போதும் என்கின்றன. தண்ணீர் விட்டால் முத்து நிற்காது. அதோடு புகை வாசம் தூக்கலாக இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள், ஏனென்றால் மெஸ்கால் என்றால் புகை என்று அங்கே பதிந்துவிட்டது. நல்ல காய்ச்சுபவரோ புகை தூக்கினால் எங்கோ தப்பு நடந்துவிட்டது என்று நினைப்பார். புட்டிக்குள் புழு போடுவதும் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் விற்பனைக்காக வந்ததே.

சான்றுக்குப் பணம் கட்ட முடியாத கிராமங்களும், அந்தப் பெயருக்கு உரிமையென்று குறித்த பகுதிக்கு வெளியே விழுந்த கிராமங்களும் தலைமுறை தலைமுறையாகக் காய்ச்சியதை மெஸ்கால் என்று சொல்லி விற்க முடியாது. 'கற்றாழை வடிநீர்' என்றுதான் சீட்டு ஒட்ட வேண்டும். பெயரைக் காப்பாற்றப் போட்ட வேலிக்கு வெளியே அந்தப் பெயரைப் பிறப்பித்தவர்களில் சிலர் நிற்கிறார்கள்.

காட்டில் தானாக வளரும் வகைகள் இன்னும் பாவம். தெபெஸ்தாத்தே என்ற கற்றாழை பாறை இடுக்கில் வளர்ந்து முதிர 20, 25 ஆண்டுகள் ஆகும். வெட்டியவரின் மகன்தான் அடுத்ததைப் பார்ப்பான். தோட்டத்து வகைகளில் வேறு சிக்கல். பூக்க விட்டால் இனிப்பு போய்விடும் என்று பூந்தண்டை முளையிலேயே வெட்டிவிட்டு, வேரடிக் குட்டிகளையே பிரித்து நட்டு வந்ததால் நீலக் கற்றாழை முழுவதும் ஒரே செடியின் நகல் போல ஆகிவிட்டது. ஒரு நோய் வந்தால் எல்லாவற்றுக்கும் வரும். பூவே இல்லாததால் அதன் தேனை நம்பிய நீளமூக்கு வௌவால்களும் பட்டினி.

ரொத்ரிகோ மெதெயின் என்ற வௌவால் ஆய்வாளர் விவசாயிகளிடம் கேட்டது ஒன்றுதான்: நூற்றுக்கு ஐந்து செடியைப் பூக்க விடுங்கள். சிலர் ஒத்துக்கொண்டார்கள். அந்த ஐந்து செடியில் சாராயம் கிடைக்காது, அது நட்டம்தான். ஆனால் ஹலிஸ்கோவின் சிவந்த மண்ணில், வரிசை வரிசையான நீல இலைகளுக்கு நடுவே, இரண்டு மூன்று ஆள் உயரத்துக்குப் பூந்தண்டுகள் அங்கங்கே எழும்பி நிற்கின்றன. மஞ்சள் பூங்கொத்துகள் இரவில்தான் விரியும். இருட்டியதும் வௌவால்கள் வந்து தலையைப் பூவுக்குள் விட்டு, முகமெல்லாம் மகரந்தத்தோடு அடுத்த தண்டுக்குப் போகும்.